டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன் – 78 மதிப்பெண் கூடுதலா, குறைவா?

கல்குளத்தான்
ஞாயிறு, இரவு 10:40

மக்களே, நேற்று ராத்திரிதான் டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன் முடித்தேன். 2018 மே மாதம் வந்த கேமை இப்போதா என்று சிரிக்க வேண்டாம். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பன் தன் பிஎஸ்4 கேம் பெட்டியை விற்றபோது டிஸ்கையும் சேர்த்தே தந்தான். மழை, கரண்ட் கட், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

நான் தனியாக ஆடவில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தமிழ் சப்டைட்டில் கிடையாது, அதனால் ஒவ்வொரு வசனத்தையும் நான் சொல்லச் சொல்ல, எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவள் முடிவு செய்தாள். முதல் அத்தியாயத்திலேயே கானர் என்கிற ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ யந்திரம், ஒரு வீட்டுக்குள் நுழைவான். வெளியே மாடி விளிம்பில் ஒரு சிறுமி பணயம். உள்ளே மீன்தொட்டி உடைந்து தரையில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருக்கும். "அந்த மீனை எடுத்து வெள்ளத்துல போடு மக்கா, பெறவு போலாம்" என்றாள். போட்டேன். அத்தியாயம் முடிந்ததும் வரும் வரைபடத்தில் அதுவும் ஒரு கட்டமாக இருந்தது. அன்றைக்கே அவள் இந்தக் கேமில் மயங்கிவிட்டாள்.

முடித்த பிறகுதான் விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். விமர்சகர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிஎஸ்4-க்கு 78, பிசிக்கு 80. மோசமில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர் தலையில் தூக்கி வைக்கிறார், இன்னொருவர் கதை எழுதிய டேவிட் கேஜைப் போட்டுத் தாளிக்கிறார். இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் ஆடினார்களா என்று சந்தேகமே வந்துவிட்டது. இங்கே ஆடியவர்கள் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். கதை முழுக்க வெளியே வரும், ஆடாதவர்கள் இத்துடன் திரும்பிப் போய்விடலாம்.

பேச்சிப்பாறை
ஞாயிறு, இரவு 11:15

நான் 90 போடுவேன். காரணம் சொல்கிறேன்.

பாரிஸில் இருக்கும் குவாண்டிக் ட்ரீம் கம்பெனி 1990-களில் இருந்து இதே வேலையைத்தான் செய்துவருகிறது. 2005-ல் ஃபாரன்ஹைட், 2010-ல் ஹெவி ரெயின், 2013-ல் பியாண்ட்: டூ சோல்ஸ். எல்லாவற்றிலும் கதை கிளை பிரியும் என்றார்கள். பல இடங்களில் பிரிந்த கிளை நாலு காட்சி தாண்டி மறுபடி ஒரே தண்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். டெட்ராய்டில்தான் உண்மையிலேயே பிரிகிறது. கானர், காரா, மார்க்கஸ் என்று மூன்று பேரை நாம் ஓட்டுகிறோம். மூன்று பேரும் பாதியில் சாகலாம், கதை நிற்காது. காரா தொடக்கத்திலேயே, அந்த மழை இரவிலேயே செத்துப்போனால், அவளுடைய மீதி அத்தியாயங்கள் மொத்தமும் இல்லை. அவ்வளவு உழைப்பை ஆட்டக்காரன் பார்க்காமலே போகலாம் என்று தெரிந்தும் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். 250-க்கும் மேற்பட்ட நடிகர்கள், 513 பாத்திரங்கள்.

அப்புறம் அந்த வரைபடம். எந்த வழியில் வந்தாய், எந்தக் கதவைத் திறக்காமல் விட்டாய், உலகத்தில் எத்தனை சதவீதம் பேர் உன்னைப் போலச் செய்தார்கள் என்று காட்டும். மாயம் கலைந்துவிடுகிறது என்று சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். எனக்கு அதுதான் நேர்மை. மற்ற கேம்கள் 'உன் முடிவுக்கு விளைவு உண்டு' என்று சொல்லி ஏமாற்றும். இது கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டுகிறது.

கானரும் ஹாங்க் என்ற கிழட்டுப் போலீஸ்காரரும் வரும் பகுதி பற்றிப் பிடிக்காதவர்கள்கூட நல்லபடியாகத்தான் எழுதினார்கள். பிரையன் டெக்கார்ட்டும் கிளான்சி பிரவுனும் நடித்தது. டெக்கார்ட்டுக்கு 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான பரிந்துரை கிடைத்தது, விருது வேறொருவருக்குப் போனது. நியாயமில்லை, ஆனால் இருக்கட்டும்.

சுங்கான்கடை_பானை
ஞாயிறு, இரவு 11:22

கதவைத் திறக்க ஒரு பட்டன், பாத்திரம் எடுக்க ஒரு பட்டன், நாற்காலியில் உட்கார ஒரு பட்டன். கேம் ஆடுவதற்குப் பதில் எங்கள் வீட்டிலேயே பாத்திரம் கழுவியிருந்தால் அம்மாவாவது சந்தோஷப்பட்டிருப்பாள். 60.

ஒற்றைப்பனை
திங்கள், காலை 6:05

பேச்சிப்பாறை அண்ணன் தொழில்நுட்பத்துக்கு மதிப்பெண் போடுகிறார். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. விமர்சகர்கள் பிளந்துகொண்டது வேறு இடத்தில்.

கேம் 2038-ல் நடக்கிறது. ஆண்ட்ராய்டுகள் மனிதர்களுக்கு அடிமைகள். பேருந்தில் பின்பக்கம் அவர்களுக்கென்று தனி அடைப்பு, நின்றுகொண்டுதான் போக வேண்டும். மார்க்கஸ் தலைமையில் ஊர்வலம் போகிறார்கள், சுவரில் முழக்கம் எழுதுகிறார்கள், முகாமில் அடைத்து அழிக்கப்படுகிறார்கள். இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கேஜ் பேட்டியில், நான் சொல்வது ஆண்ட்ராய்டுகளின் கதைதான் என்கிற மாதிரிப் பேசினார். எல்லா அடையாளங்களையும் கடன் வாங்கிவிட்டு, கடன்காரர் வாசலுக்கு வந்தால் ஆளில்லை என்று சொல்வது போல.

ஊரையும் பாருங்கள். ரோசா பார்க்ஸ் 1955-ல் மாண்ட்கோமரியில் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தவர். அதற்குப் பிறகு 1957-ல் குடிபெயர்ந்து, 2005-ல் சாகும்வரை இருந்த ஊர் இதே டெட்ராய்ட். 1963 ஜூன் 23-ல் மார்ட்டின் லூதர் கிங் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுடன் ஊர்வலம் போய், 'எனக்கொரு கனவு' உரையின் முந்தைய வடிவத்தைப் பேசியதும் இங்கேதான். அதற்கு நூறு வருடம் முன்னால், தப்பியோடிய அடிமைகள் ஆற்றைக் கடந்து கனடா போன கடைசித் துறை இது. காராவும் கனடாவுக்குத்தான் ஓடுகிறாள். அவளுக்கு அடைக்கலம் தரும் ரோஸ் என்கிற கறுப்பினப் பெண், எங்கள் ஆட்களும் இப்படித்தான் நடத்தப்பட்டார்கள் என்று ஒரு வரி சொல்கிறாள். அந்த ஒரு வரியோடு சரி. அந்த மண்ணில் அத்தனை வரலாறு கிடக்க, கேம் அதைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டுக்கொண்டது.

இது நமக்கு ஏன் உறைக்க வேண்டும் என்றால், நாம் இருக்கிற கன்னியாகுமரி மாவட்டம் அப்படி. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822-ல் இந்தக் கல்குளம், இரணியல் பக்கம்தான் வெடித்தது. அறிவிப்பு வந்தது 1859-ல். முப்பத்தேழு வருடம். வந்த அறிவிப்பும் முழுசாக வரவில்லை. மேலாடை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் போடக்கூடாது என்று ஒரு வால். விடுதலை என்றால் நிஜத்தில் இப்படித்தான், வாலோடு வரும்.

டெட்ராய்டில் மார்க்கஸ் கதை நவம்பர் 5-ல் தொடங்கி 11-ல் முடிகிறது. ஆறு நாள்! திங்கட்கிழமைச் சந்தைக்கும் அடுத்த திங்கட்கிழமைச் சந்தைக்கும் நடுவில் ஒரு புரட்சி.

பேச்சிப்பாறை
திங்கள், காலை 8:30

தம்பி, நீ சொன்ன வரலாறெல்லாம் சரி. ஆனால் ஒரு கேம் முப்பத்தேழு வருடம் ஓட முடியுமா? சுருக்கித்தான் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டில் ஒரு வம்சம் முழுக்க ஒரே ராத்திரியில் பிறந்து செத்துப்போகிறதே, அதை மட்டும் ஏன் கேட்கிறோம்?

ஒற்றைப்பனை
திங்கள், காலை 8:52

வில்லுப்பாட்டில் காலம் சுருங்கும், கஷ்டம் சுருங்காது அண்ணே. இங்கே கஷ்டம் சுருங்குகிறது. திரை ஓரத்தில் 'பொதுமக்கள் கருத்து' என்று ஒரு அளவுமானி. கண்ணாடியை உடைத்தால் கீழே இறங்கும், உடைக்காமல் போனால் மேலே ஏறும். கடைசியில் துப்பாக்கிகள் சுற்றி நிற்கும்போது, அளவு மேலே இருந்தால் ஆண்ட்ராய்டுகள் ஒரு பழைய ஜெபப் பாட்டைப் பாடுவார்கள், அல்லது மார்க்கஸ் தன்னோடு நிற்கும் நார்த் என்ற பெண் ஆண்ட்ராய்டை முத்தமிடுவான், உடனே ராணுவம் பின்வாங்கும். அது கறுப்பின மக்கள் பாடிவந்த பாட்டு. அவர்கள் பாடியபோது யாரும் அப்படித் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை.

1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் மேல் சுட்டார்கள். அங்கே அளவுமானி எதுவும் ஏறி இறங்கவில்லை. நம் மாவட்டம் அப்படிச் சேர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று, 1956 நவம்பர் 1.

முட்டம்_லைட்ஹவுஸ்
திங்கள், மதியம் 2:10

அண்ணன்மார் இரண்டு பேரும் மார்க்கஸைச் சுற்றியே நிற்கிறீர்கள். காராவைப் பற்றி யாரும் பேசவில்லை. ரிவ்யூவர்களும் அப்படித்தான். கானர் ஆகா, மார்க்கஸ் ஐயோ, காரா என்றால் 'அம்மா பாத்திரம், வழக்கமானது' என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள்.

பானை, நீ நக்கலடித்த அந்தப் பாத்திரம் கழுவும் அத்தியாயம்தான் எனக்கு மொத்தக் கேமிலும் உண்மையாகத் தெரிந்தது. காரா பழுது பார்த்துத் திரும்பி வருகிறாள். நினைவெல்லாம் அழிக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரன் டாட் சொல்கிற வேலையை ஒவ்வொன்றாகச் செய்கிறாள். தட்டு எடு, துணி காயப்போடு, மாடியைச் சுத்தம் செய். ஒவ்வொன்றுக்கும் நம் கையால் ஒரு பட்டன். வீட்டில் பயம் நிறைந்த ஒரு சின்னப்பிள்ளை, ஆலிஸ். அவன் சோபாவில் கிடந்து டிவி பார்க்கிறான். துணியை எடுக்கும்போதுதான் அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. வேலை செய்கிறவளுக்கு மட்டும்தான் அந்த வீட்டின் ரகசியம் தெரியும்.

என் சித்தி வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போனவள். பாஸ்போர்ட் முதலாளி கையில். எந்த அறையில் யார் அழுதார்கள், யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. காரா ஜன்னலோரம் ஒரு நொடி நின்று மழையைப் பார்ப்பாள் பாருங்கள், சித்தி போனில் பேசும்போது நடுவில் வரும் மௌனம் அதுதான்.

ஆனால் குறையும் அதே கதையில்தான் இருக்கிறது. 2017 அக்டோபரில் பாரிஸ் கேம்ஸ் வீக்கில் இந்த மழை இரவை ட்ரெய்லராகக் காட்டினார்கள். பிள்ளையை அப்பன் அடிக்கப்போகும் காட்சி, நீங்கள் எப்படித் தடுப்பீர்கள் என்று ஒரு புதிர் மாதிரி. பெரிய எதிர்ப்பு வந்தது. எனக்கும் வந்திருக்கும். அந்த அத்தியாயத்தில் மாடிப்படிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஓடும்போது என் கை நடுங்கியது. வரைபடம் வந்து 'வேறு வழிகளும் உண்டு, திரும்ப ஆடிப்பார்' என்று சொன்னபோது கோபம் வந்தது. எதை நான் திரும்ப ஆடிப்பார்ப்பது?

கடைசியில் ஆலிஸும் ஆண்ட்ராய்டுதான் என்று ஒரு திருப்பம். அதுவரை ஒரு யந்திரம் ஒரு மனிதக் குழந்தையைத் தன் பிள்ளையாக வரித்துக்கொண்டது என்று நம்பியிருந்தேன். அதுதான் கதையின் முழு எடையே. திருப்பத்துக்காக அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

சுங்கான்கடை_பானை
திங்கள், மதியம் 2:31

அக்கா, வாபஸ். 65.

அன்புக்கொடி_நிழல்
திங்கள், மாலை 6:48

ஒற்றைப்பனை, ஒன்று கேட்கிறேன். தோள்சீலையை ஒரு வீடியோ கேமோடு சேர்த்துப் பேசுவது சரியா? அது எங்கள் பாட்டிமாரின் உடம்பு. அடியும் அவமானமும் பட்டது அவர்கள். இது யாரோ பாரிஸில் கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மை. அதை இதற்கு உதாரணமாக எடுத்தால் அது சிறுத்துப்போகிறது. கேஜ் செய்த தப்பைத்தானே நீங்களும் செய்கிறீர்கள்?

நெறியாளர்
திங்கள், மாலை 7:02

விவாதம் நன்றாகப் போகிறது, இப்படியே போகட்டும். ஆளைத் தொட வேண்டாம், கருத்தைத் தொடுங்கள். பதிவு எண்ணிக்கை கூட்டுவதற்காக வெறும் சிரிப்புப் பொம்மை போட்ட மூன்று பேரின் பதிவுகளை எடுத்துவிட்டேன்.

ஒற்றைப்பனை
திங்கள், இரவு 9:20

அன்புக்கொடி சொன்னது உறுத்தியது. ஒரு மணி நேரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

நான் ஒப்பிட்டது அந்தப் பெண்களையும் பொம்மைகளையும் அல்ல. போராட்டத்தை எப்படிச் சொல்வது என்பதைத்தான். எழுதியதில் அது தெளிவாக வரவில்லை, தப்பு என்னுடையது.

தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். நம் பக்கத்து ஒடுக்குமுறையை நினைத்தால் கண்முன்னே வருவதெல்லாம் சின்னச் சின்னப் பொருள்கள். குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். தலையில் துண்டு கட்டக் கூடாது. அதனால்தான் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்கச் சொன்னார், இன்றைக்கும் சாமித்தோப்பில் ஆண்கள் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அங்கே பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி. உன்னையே நீ பார்த்துக்கொள்.

இப்போது மார்க்கஸைப் பாருங்கள். அவன் இன்னொரு ஆண்ட்ராய்டின் கையைத் தொடுகிறான், அது விழித்துவிடுகிறது. ஊர்வலத்தில் போகும்போது தொடக்கூட வேண்டாம், கையை நீட்டினாலே போதும், சாலையோரம் நின்றதெல்லாம் அப்படியே விழித்துப் பின்னால் வரும். அந்தக் காட்சியின் அழகில் நானும் மயங்கினேன். அப்புறம் யோசித்தேன். முதலாளி கட்டளைக்கு நடந்தவை இப்போது மார்க்கஸ் கட்டளைக்கு நடக்கின்றன. அவற்றிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதலையைப் பேசும் கேமில் விடுதலை ஒரு மென்பொருள் அப்டேட் மாதிரி இறங்குகிறது. கண்ணாடி இல்லை.

விமர்சகர்கள் 'மேலோட்டமான உருவகம்' என்று எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பொருள் இதுதான்.

அன்புக்கொடி_நிழல்
திங்கள், இரவு 9:41

இப்படிச் சொன்னால் சரி. அந்தக் கண்ணாடியை இங்கே கொண்டுவந்ததற்கு முதலில் கோபம்தான் வந்தது. படித்து முடித்ததும் போய்விட்டது.

ரப்பர்பால்
செவ்வாய், காலை 5:15

ரப்பர் வெட்டுக்குப் போகிற நேரம், சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஓடுகிறேன். நான் பிசியில் ஆடினேன். 2019 டிசம்பரில் எபிக் ஸ்டோர் என்ற இணையக் கேம் கடையில் வந்தது, 2020 ஜூனில் ஸ்டீம் என்ற இன்னொரு கடைக்கு வந்தபோது வாங்கினேன். மவுஸை அரைவட்டமாக இழுத்துக் கதவு திறப்பது கொடுமை, கன்ட்ரோலர் இல்லாமல் ஆட வேண்டாம். ஆனால் படம் கண்ணாடி மாதிரி. ஸ்டீமில் ஆட்டக்காரர்களின் மதிப்பீட்டைப் பாருங்கள், விமர்சகர்கள் கொடுத்ததைவிட எவ்வளவோ மேலே. இரண்டே வாரத்தில் பத்து லட்சம் பிரதி, 2020-ல் ஐம்பது லட்சம். ஆடியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

2018 ஜனவரியில், கேம் வருவதற்குச் சற்று முன்னால், அந்த ஸ்டுடியோவின் வேலைச்சூழல் பற்றி பிரெஞ்சுப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஸ்டுடியோ மறுத்தது, விஷயம் நீதிமன்றம்வரை போனது. பல ரிவ்யூவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேமைத் திறந்தார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பேச்சிப்பாறை
செவ்வாய், காலை 9:05

ரப்பர்பால் கேட்டதற்கு என் பதில். விமர்சகர் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, மொத்தமாக இந்தக் கேம் என்ன சொல்கிறது என்று பார்க்கிறார். நாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பார்க்கிறோம். அத்தியாயமாகப் பார்த்தால் இதில் தங்கம் இருக்கிறது. மொத்தமாகக் கூட்டினால் ஒற்றைப்பனை சொல்கிற ஓட்டை தெரிகிறது. ராத்திரி யோசித்துப் பார்த்தேன், என் 90-ல் எண்பது கானருக்குத்தான் போயிருக்கிறது.

ஏன் கானர் மட்டும் எடுபடுகிறான்? காராவும் மார்க்கஸும் முதல் அரைமணியிலேயே உணர்ச்சியுள்ள மனிதர்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சந்தேகமே இல்லை. யந்திரத்துக்கு மனசு உண்டா என்ற கேள்வியை எழுப்புகிற கேம், பதிலை முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டது. கானர் அப்படியில்லை. அவன் டீவியன்ட்களை, அதாவது கட்டளையை மீறிய ஆண்ட்ராய்டுகளை, வேட்டையாட அனுப்பப்பட்டவன். இனிமையாகப் பேசுவது பாசத்தாலா, புரோகிராமாலா? அவனை ஓட்டுகிற நமக்கே தெரியாது. ஹாங்க்குக்கும் தெரியாது. செத்தால் அதே முகத்தோடு அடுத்தவன் வந்து, நான்தான் கானர் என்று நிற்பான். ஹாங்க்கின் முகத்தில் அப்போது ஒன்று ஓடும். பத்து ஊர்வலம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

காம்ஸ்கி வீட்டுக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஆண்ட்ராய்டுகளை உருவாக்கியவன். குளோயி என்ற பெண் ஆண்ட்ராய்டை முன்னால் மண்டியிட வைத்து, கானரின் கையில் துப்பாக்கியைத் தருகிறான். சுட்டால் உனக்கு வேண்டிய தகவல், சுடாவிட்டால் ஒன்றுமில்லை. முழக்கம் கிடையாது, கொடி கிடையாது. ஒரு அறை, மூன்று நான்கு பேர். கேஜ் இப்படி ஒரு அறைக்குள் எழுதும்போது கெட்டிக்காரர். தெருவில் இறங்கினால்தான் தடுமாறுகிறார்.

முட்டம்_லைட்ஹவுஸ்
செவ்வாய், காலை 10:30

அந்த வரியை ஒட்டி நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மார்க்கஸும் அறைக்குள் இருக்கும்வரை நன்றாகத்தான் இருந்தான். நடக்க முடியாத கிழட்டு ஓவியர் கார்லைத் தூக்கி எழுப்பி, குளிக்க வைத்து, சாப்பாடு எடுத்து வைத்து, அவரோடு சதுரங்கமோ பியானோவோ. நம் ஊரில் இருந்து ஹோம் நர்ஸாகப் போன எத்தனை பிள்ளைகள் இதே வேலை செய்கிறார்கள். பெற்ற மகன் பணம் கேட்டு மட்டும் வருவான், கூடவே இருப்பது சம்பளத்துக்கு வந்தவர். அந்த வீட்டை விட்டு வெளியே தள்ளியதும் அவனைத் தலைவனாக்கிவிட்டார்கள், அப்புறம் அவன் பேசுவதெல்லாம் மேடைப்பேச்சு.

கல்குளத்தான்
செவ்வாய், இரவு 10:15

இழையைத் தொடங்கிவிட்டு இரண்டு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்புக்கொடி எழுதியதற்குத் தலையாட்டினாள். முட்டம் அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

யாரும் தொடாத ஒன்றை அவள்தான் பிடித்தாள். மார்க்கஸ் முதலில் கடைக்குப் போய்வரும் அத்தியாயத்தில், ஆண்ட்ராய்டுகளால் வேலை போனவர்கள் தெருவில் கோஷம் போடுவார்கள், அவனைக் கீழே தள்ளி உதைப்பார்கள். அம்மா உடனே, "ஏதும் இல்லாதவனுவ, அவனுவளுக்கும் வயிறு உண்டுல்லா" என்றாள். அவள் இருபத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவள். முதலில் உடைப்பு, பிறகு தொலி எடுப்பு. உடைக்கும்போது கசிகிற எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும் என்று சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். விரல் நுனி இன்னும் கறுப்புத்தான். மெஷின் வந்தது, ஆள் குறைந்தது, இவளும் நின்றுவிட்டாள். மெஷின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "அது நல்லாத்தான் எடுத்துது, எங்களுக்கு ஒடையும், அதுக்கு அவ்வளவு ஒடையாது" என்பாள்.

கேம் முழுக்க அந்த வேலையிழந்தவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தார்கள், கல்லெறியத்தான். ஒருத்தனுக்கும் பெயரில்லை, வீடில்லை. ஹாங்க்குக்குக் கதை இருக்கிறது. வேலையிழந்தவன் ஒருவனை ஓட்டும்படி நாலாவது ஆளாக வைத்திருந்தால் என்ன? நான் மதிப்பெண் குறைப்பது இந்த இடத்தில்தான். 2018-ல் எழுதிய விமர்சனங்கள் பெரும்பாலும் உருவகத்தையே பிடித்துக்கொண்டு நின்றன. இன்றைக்கு ஆபீஸில் பாதி வேலையை ஏஐயிடம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் யாரை அனுப்புவார்களோ என்று பார்த்துக்கொண்டிருப்பவன் எழுதினால், அந்தத் தெருக்காட்சிக்கு இன்னும் நாலு பத்தி கிடைக்கும்.

காம்ஸ்கி வீட்டில் அம்மா சுடச் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை. தகவல் கிடைக்காதே என்றேன். "கெடைக்காட்டா வேண்டாம்" என்றாள்.

சுங்கான்கடை_பானை
செவ்வாய், இரவு 10:28

உங்கள் அம்மாவே ரிவ்யூ எழுதட்டும் அண்ணே. அவர் எவ்வளவு போட்டார்?

கல்குளத்தான்
செவ்வாய், இரவு 11:03

கேட்டேன். மதிப்பெண்ணெல்லாம் பள்ளிக்கூடத்தில் என்றாள்.

ஆனால் ஒன்று நடந்தது. ஆடியவர்களுக்குத் தெரியும், தொடக்கத் திரையில் அந்தக் குளோயிதான் நம்மை வரவேற்பாள். நாள்தோறும் ஏதாவது பேசுவாள், கேள்வி கேட்பாள். அம்மா அவளிடம் "சாப்பிட்டியா" என்றெல்லாம் கேட்பாள். கதையை முடித்துவிட்டு வந்தபோது, என்னைப் போக விடுவீர்களா என்று குளோயி கேட்டாள். நான் தயங்கினேன், போனால் திரை வெறுமையாகிவிடும். இப்படிப் போகவிட்டவர்கள் நிறையப் பேர் வருந்தியதால், பிறகு ஒரு அப்டேட்டில் வேறொரு குளோயியை வரவழைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "போணும்னு கேக்குதா, விடு" என்றாள். விட்டேன். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

இன்றைக்குச் சாயங்காலம் காரா கதையை இன்னொரு வழியில் ஆடிப் பார்க்கலாம் என்று மறுபடி போட்டேன். காலி அறை. அம்மா அடுப்பங்கரையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"போன பிள்ள, போன் ஒண்ணும் பண்ணலியா மக்கா?"